கைக்குள் ஒரு கங்காணி

நடந்த அடிகளை எண்ணிப் புள்ளி வழங்கும். புள்ளி சேர்ந்தால் பதக்கம் காட்டும். பின்தங்கினால் அடுத்தவர் பெயரை மேலே ஏற்றிக் காட்டும். உடல்நலத்தை விளையாட்டாக்கும் கைத்தொலைபேசிச் செயலிகள் இவ்வாறே இயங்குகின்றன. இவற்றை ஏற்பவர் ஊக்கமுள்ளவர் என்றும், ஒதுக்குபவர் அறியாமையில் உழல்பவர் என்றும் படித்தவர் சிலர் பேசுகின்றனர். இக்கூற்றை நாம் மறுக்கின்றோம்.

தன் விருப்பத்தால் நடக்கப் புறப்பட்டவருக்கு அடியெண்ணும் கருவி நல்ல துணையாகலாம். பிறர் தரும் பரிசுக்கும் தண்டனைக்கும் நடப்பவருக்கோ அதே கருவி மேற்பார்வையாளனாகிவிடுகின்றது. 1973 இல் லெப்பர் முதலிய அமெரிக்க உளவியலாளர் வெளியிட்ட சோதனையை ஆசிரியர்கள் மறக்கலாகாது. படம் வரைவதில் இயல்பாகவே ஆசைகொண்ட சிறுவர் சிலருக்கு, வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்னரே வாக்களித்தனர். பின்னாளில், வாக்குறுதி பெறாத சிறுவரைவிட இவர்களிடம் வரையும் நாட்டம் குறைந்திருந்தது.

2018 இல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநில ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பளக் குறையோடு இன்னொரு சினமும் அவர்களிடம் இருந்தது. உடலசைவைப் பதிந்து புள்ளி சேர்க்கும் செயலியில் சேராதவர் மாதம் 25 டொலர் கூடுதலாகச் செலுத்த வேண்டும் என்று திட்டமிடப்பட்டிருந்தது. எதிர்ப்பின் முன் அத்திட்டம் கைவிடப்பட்டது. அந்த ஆசிரியர்களையும் அறியாதவர் என்பார்களா?

உடலுக்குப் புள்ளி போடும் இவ்வழக்கம் நமது சப்ரகமுவத் தோட்டங்களுக்குப் புதிதன்று. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை மலைகளில் கொழுந்து நிறுவைக்குப் போகின்றது. குறித்த கிலோ எட்டாவிட்டால் முழுப் பேர் அரைப் பேராகின்றது. 2016 ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தில் அடிப்படை நாட்கூலி 500 ரூபாய். வரவு ஊக்குவிப்பு 60, உற்பத்தி ஊக்குவிப்பு 140. 2019 ஒப்பந்தத்தில் அவ்விரண்டும் நீங்கின. 2025 நவம்பரில் முன்வைக்கப்பட்ட வரவுசெலவுத் திட்டத்தில் வரவு ஊக்குவிப்பு 200 ரூபாயாகத் திரும்பி வந்தது. ஊக்கம் என்ற சொல்லை இம்மக்கள் கூலிக் கணக்கிலேயே கற்றிருக்கின்றனர்.

முதுகில் கூடையுடன் சரிவில் ஏறி இறங்கும் பெண்ணிடமும், மரத்துக்கு மரம் நடக்கும் இறப்பர்ப் பால்வெட்டுத் தொழிலாளியிடமும், "நாளுக்குப் பத்தாயிரம் அடி நட" என்று சொல்வது அறிவியலா? அந்தப் பத்தாயிரமும் 1965 இல் ஜப்பானிய நிறுவனமொன்று தன் அடியெண்ணும் கருவியை விற்பதற்குச் சூட்டிய பெயரிலிருந்து பரவியதே! நாளை செயலியைக் கண்டு அப்பெண் முகம் சுளித்தால், நிறுவைத் தராசை அவள் அடையாளம் கண்டுகொண்டாள் என்றே பொருள்.

2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட தோட்டக் குழந்தைகளில் 31.7 வீதத்தினர் வயதுக்கேற்ற உயரமற்றவர். நாடு முழுவதற்கும் இது 17.3 வீதம். இக்குழந்தைகளுக்குக் குறைவது புள்ளியா? பாலும் முட்டையுமா?

கருவி வரட்டும். தொழிலாளி தானே விரும்பி எடுத்து, வேண்டாதபோது விட்டுவிடக்கூடியதாய், துரைக்கும் காப்புறுதிக்காரனுக்கும் கணக்குக் கொடாததாய் வரட்டும். அதற்கு முன்னே போதிய கூலியும், லயத்துக்குக் குழாய்நீரும், மலைக்குக் கழிப்பறையும், தோட்டத்துக்கு வைத்தியரும் வந்தாக வேண்டும். ஆசிரியர்களே, மாணவர்களே! தோட்ட மக்களுக்கு ஊக்கமில்லை என்போரிடம், "யாருடைய இலாபத்துக்கான ஊக்கம்?" என்று கேளுங்கள்!