மறுத்த கதவும் ஒட்டுப்போட்ட சுவரும்

லினக்ஸ் உலகில் 2010 ஆம் ஆண்டிலிருந்து ஓயாத சண்டை ஒன்று உண்டு. சிஸ்டெம்டி நல்லதா, கெட்டதா என்பதே அது. இச்சண்டை எழுப்பிய புழுதியில் நல்ல யோசனைகள் சிலவும் கண்ணுக்குத் தெரியாமற் போயின. அவற்றுள் ஒன்று சொக்கெற் வழி இயக்கம். வலைப்பின்னற் சேவைகளை எழுதுவோர் பலர், சிஸ்டெம்டியின் மீதுள்ள கோபத்தால் இதனைத் தம் நிரலுக்குள் அனுமதிக்க மறுத்து வந்தனர். இந்த மறுப்பு யாரையும் பாதுகாக்கவில்லை; மாறாகத் தீங்குக்கு வழி திறந்தது என்பதே என் வாதம்.

முதலில் விடயத்தை விளங்கிக்கொள்வோம். வழமையான முறையில், ஒரு சேவை தானே எழுந்து, தனக்குரிய துறை இலக்கத்தைப் பிடித்து, வருவோருக்காகக் காத்திருக்கும். சொக்கெற் வழி இயக்கத்தில் அந்த வாயிலை முதலிற் திறப்பது இயங்குதளத்தின் தலைமைச் செயல்முறை. சேவை உறங்கிக்கொண்டிருக்கலாம். முதல் இணைப்பு வந்ததும் தலைமைச் செயல்முறை சேவையை எழுப்பி, ஏற்கெனவே திறந்துள்ள சொக்கெற்றை அதன் கையிற் கொடுக்கும். கொடுக்கும் முறை மிக எளிது. திறந்த இணைப்புகளுக்குக் கேர்னல் இடும் இலக்கங்களில் 3 இலிருந்து தொடங்கி எத்தனை சொக்கெற்றுகள் தரப்பட்டுள்ளன, அவை எந்தச் செயல்முறைக்கு உரியவை என்பதை இரண்டு சூழல் மாறிகள் சொல்லும். அவ்வளவுதான்.

இதனால் வரும் நன்மைகள் அற்பமானவை அல்ல. சேவையை நிறுத்தி மீண்டும் தொடக்கும்போது வாயில் மூடப்படுவதில்லை. வந்தவர்கள், கேர்னலின் வரிசை நிரம்பாத வரை, காத்திருப்பர். 1024 க்குக் கீழ்ப்பட்ட துறைகளைப் பிடிக்க வழக்கமாகத் தேவைப்படும் மேலதிகாரம் சேவைக்குத் தேவையற்றுப் போகிறது. வெளியுலகோடு தானாகத் தொடர்புகொள்ள முடியாதபடி அடைத்துவைக்கப்பட்ட ஒரு சேவைகூடக் கையிற் கிடைத்த சொக்கெற் வழியே தன் வேலையைச் செய்யும்.

இது சிஸ்டெம்டியின் கண்டுபிடிப்பும் அல்ல. 1986 இல் வெளிவந்த 4.3 பிஎஸ்டி யூனிக்ஸில் ஐநெட்டி என்ற நிரல் பல வாயில்களை ஒன்றாய்க் காத்து, வேண்டியபோது சேவைகளை எழுப்பியது. 2005 இல் அப்பிள் நிறுவனம் தன் மக் ஓஎஸ் டென் 10.4 இல் லோஞ்ச்டி மூலம் அதே எண்ணத்துக்குப் புத்துயிர் தந்தது. 2010 ஏப்பிரலில் சிஸ்டெம்டியை அறிவித்த லென்னார்ட் பொட்டரிங், இவ்விரண்டிலிருந்தும் பெற்றதை மறைக்கவில்லை. பாட்டன் சொத்தைப் பேரன் உழுகிறான் என்பதற்காக நிலத்தைத் தரிசு விடலாமா?

எதிர்ப்போரின் கூற்றில் நியாயம் இல்லாமலில்லை. ஒரு மென்பொருளின் வளையத்துக்குள் எல்லாச் சேவைகளும் சிக்கிக்கொள்ளக் கூடாது என்கிறார்கள். உண்மை. ஆனால் சொக்கெற்றைப் பெற்றுக்கொள்வதற்குச் சிஸ்டெம்டியின் நூலகம் தேவையே இல்லை. சூழல் மாறிகள் இரண்டையும் படித்துச் சரிபார்க்கச் சில பத்து வரிகள் போதும். இந்த நடைமுறை நிலையானது, எவரும் தாமே எழுதிக்கொள்ளலாம் என்று சிஸ்டெம்டி ஆசிரியர்களே அறிவித்துள்ளனர். மாறிகள் இல்லையெனில் சேவை பழைய முறையிலேயே தன் துறையைத் தானே திறந்துகொள்ளும். பிஎஸ்டி பயனருக்கு ஒரு நட்டமும் இல்லை. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவானேன்?

மறுத்தால் என்ன நடக்கும்? மறுத்தது வராமல் நின்றுவிடாது. அதை வேண்டுவோர் பிறர் கையால் ஒட்டுப்போட்டுக்கொள்வர். இதற்கு ஓப்பன்எஸ்எஸ்எச் ஒன்றே போதிய சான்று. "நான் தயார்" என்ற ஒரு சிறு செய்தியைச் சிஸ்டெம்டிக்கு அனுப்பும் வசதி, சொக்கெற் வழி இயக்கத்துக்குச் சகோதரமானது. அதுவும் சில வரி வேலைதான். மூல நிரலில் அது இல்லாததால் டெபியன், ஃபெடோரா போன்ற வெளியீடுகள் தாமே ஒட்டுப்போட்டன. அதற்காகச் சிஸ்டெம்டியின் நூலகம் முழுவதையும் இணைத்தன. அந்நூலகத்தின் பின்னால் எக்ஸ்இஸெட் என்னும் சுருக்கல் மென்பொருளின் நூலகமும் தொற்றிக்கொண்டு வந்தது. அதற்குள்தான் ஒருவர் கள்ளக் கதவை ஒளித்துவைத்தார். 2024 மார்ச் 29 அன்று அன்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியியலாளர் அதை அம்பலப்படுத்தினார். எஸ்எஸ்எச் உள்நுழைவு ஏறக்குறைய அரை விநாடி தாமதிப்பதேன் என்று அவர் துருவிப் பார்த்திராவிட்டால், அது சோதனை வெளியீடுகளைத் தாண்டி உலகெங்குமுள்ள வழங்கிகளுக்குப் பரவியிருக்கும்.

குற்றவாளி அந்தக் கதவை வைத்தவரே; அதில் ஐயமில்லை. ஆனால் அவருக்குப் பாதை அமைத்தது ஒட்டு. அதே ஆண்டு யூலையில் வெளிவந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 9.8, எந்த நூலகத்தையும் சாராமல் அந்த அறிவிப்பு வசதியைத் தானே சேர்த்துக்கொண்டது. முன்னரே செய்திருக்கக் கூடாதா?

மறுபுறத்தில் விநியோகிப்போரையும் கேட்காமல் விட முடியாது. 2022 ஒக்டோபரில் வெளிவந்த உபுண்டு 22.10, எஸ்எஸ்எச் சேவையைத் தன் சொந்த ஒட்டின் மூலம் சொக்கெற் வழி இயக்கத்துக்கு மாற்றியது. சொன்ன காரணம், ஒவ்வோர் இயங்குதளத்திலும் குறைந்தது 3 மெகாபைட் நினைவகம் மிஞ்சும் என்பது. யாரும் உள்நுழையாத சிறு கொள்கலன்களுக்கு அது சரி. பொது இணையத்தில் நிற்கும் வழங்கியின் 22 ஆம் துறையையோ திருட்டு நிரல்கள் இடைவிடாமல் தட்டுகின்றன. முதல் தட்டலில் எழும் சேவை மறுபடி உறங்குவதில்லை. பிறகு மிச்சம் ஏது?

இழப்போ பெரிது. அதுவரை நிர்வாகி எஸ்எஸ்எச்சின் கட்டமைப்புக் கோப்பில் எழுதிய துறை இலக்கமே சட்டம். மாற்றத்தின் பின், அக்கோப்பில் இலக்கத்தைத் திருத்தினாலும் வாயில் இடம்மாறவில்லை; சொக்கெற்றுக்குரிய வேறொரு கோப்பைத் திருத்த வேண்டியிருந்தது. தொலைதூர வழங்கிக்கு வேறு வழியில்லாத ஒருவர், புதிய துறையை நம்பிப் பழையதைத் தீயரணில் மூடினால், தன் வீட்டுக்கு வெளியே தானே நிற்க வேண்டியதுதான். 2024 இல் வந்த உபுண்டு 24.04, பழைய கோப்பையே படித்துச் சொக்கெற்றை அமைக்கும் நிரலொன்றைச் சேர்த்துக் குறையை நீக்கியது. அது முதல் நாளே இருந்திருக்க வேண்டியது.

இன்னோர் ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். வாயிலைத் திறந்துவைத்திருப்பவர் ஒருவர், உள்ளே இருப்பவர் வேறொருவர் என்றானபின், துறை திறந்திருக்கிறது என்பது சேவை நலமாயிருக்கிறது என்பதற்குச் சான்றாகாது. கட்டமைப்பிலுள்ள பிழை கணனி எழும்போது தெரியாது. முதல் விருந்தாளி வரும்போதே வெளிப்படும். கண்காணிப்போர் துறையை மட்டும் தட்டிப் பார்த்துத் திருப்தியடையலாகாது. உள்ளிருந்து விடை வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

இக்குறைகள் எவையும் யோசனையைப் புறக்கணிக்கக் காரணமல்ல. அதைச் சேவையை எழுதியவரே சேர்க்க வேண்டும் என்பதற்கான காரணங்கள். தன் நிரலின் கட்டமைப்பு எங்கே படிக்கப்படுகிறது, எப்போது அதிகாரம் துறக்கப்படுகிறது என்பதை அவரைவிட நன்கறிந்தவர் எவருமில்லை. நூலகம் வேண்டாம்; சில வரிகள் போதும். சொக்கெற் தரப்பட்டால் ஏற்றுக்கொள்ளட்டும். தரப்படாவிட்டால் பழையபடி தானே திறக்கட்டும். கோப்பில் எழுதப்பட்ட துறையும் கையிற் கிடைத்த துறையும் வேறுபட்டால் அதைப் பதிவேட்டில் உரக்கச் சொல்லட்டும்.

பிடிக்காதவர் வீட்டிலிருந்து வந்தது என்பதற்காக ஒரு நல்ல வழக்கத்தை வாசலில் நிறுத்துவோர் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். அது சுவரேறி உள்ளே வரும். வரும்போது தன்னோடு யாரை அழைத்து வருகிறது என்பதை அவர்கள் அறியமாட்டார்கள்.