உப்புக் கரைக்கு விற்பவனா காவல்?

நிலத்தை விலைப்பண்டமாக மட்டும் காண்பவர்க்கு, அந் நிலத்தோடு ஒட்டி வாழ்ந்த மக்களின் வழக்கங்கள் யாவும் தடைக்கற்களாகவே தோன்றும். அமைதி மாகடலின் நடுவே கிடக்கும் அவாய்த் தீவுகளின் வரலாறே இதற்குச் சான்று. அத் தீவுமக்கள் தம் மொழியில் நிலத்தை 'ஆய்னா' என்பர். ஊட்டுவது என்பது அச் சொல்லின் பொருள். ஊட்டும் ஒன்றைக் கூறிட்டு விற்கலாம் என்னும் எண்ணம் அம் மொழியில் பிறந்ததன்று, கப்பலேறி வந்தது.

பண்டை அவாயில் மலைமுகட்டில் தொடங்கிக் கடல்வரை நீளும் நிலக்கூற்றுக்கு 'அகுபுவாஆ' என்று பெயர். அங்கு வாழ்ந்தோர் மலையில் மரமும், சமவெளியில் கிழங்கும், கடலில் மீனும் பெற்றனர். 1848இல் நடந்த நிலப்பிரிவினையால் தனியுடைமை புகுந்தது. பொதுமக்கள் கைக்கு வந்ததோ நூற்றில் ஒரு பங்கினும் குறைவு. ஆயினும் 1850ஆம் ஆண்டுச் சட்டம் விறகும் வீட்டுமரமும் கூரைப்புல்லும் எடுக்கும் உரிமையை அவர்க்கு விட்டுவைத்தது. பின்னர் 1893இல் அரசி லில்லியுவோகலானியின் ஆட்சி கவிழ்க்கப்பட்டது. 1896இல் பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்றுமொழியாக்கப்பட்டது. 1898இல் நாடே அமெரிக்காவோடு இணைக்கப்பட்டது. ஆட்சி, மொழி, மண் என மூன்றும் ஐம்பதே ஆண்டுகளில் பறிபோயின!

எண்பது ஆண்டுகள் கழிந்தபின், 1978இல் ஒரு கதவு திறந்தது. அவாய் மொழி ஆட்சிமொழிகளுள் ஒன்றாயிற்று. வெள்ளையர் கால்வைத்த 1778க்கு முன் அங்கு வாழ்ந்தோரின் வழிவந்தவர்கள் உணவுக்கும் பண்பாட்டுக்கும் வழிபாட்டுக்குமாகக் கைக்கொண்ட மரபுரிமைகளைக் காப்பது அரசின் கடமை என அரசியற் சட்டம் 12ஆம் பகுதி, 7ஆம் பிரிவில் பொறித்தது. ஆனால் ஏட்டில் எழுதியது வேறு. நாட்டில் நடந்தது வேறு.

அவாய்ப் பெருந்தீவின் கோனாக் கரையில் கௌபுலேகு என்பது ஓர் இடம். எரிமலைக் குழம்பு உறைந்த கரும்பாறைக் கரை அது. அங்கே மக்கள் உப்பெடுத்தனர், பாசியும் கிளிஞ்சலும் திரட்டினர், மீன்பிடித்தனர். அக் கரையை உள்ளடக்கிய ஏறத்தாழ 1,000 ஏக்கர் காப்புநிலத்தை நகர்ப்புற நிலமாக மாற்றித் தருமாறு ஒரு நிறுவனம் கேட்டது. பெருஞ்செல்வர்க்கு வீடுகளும் கோல்ஃப் திடலும் அமைப்பது அதன் திட்டம். 1961இல் தோன்றிய நிலப்பயன் ஆணையம் 1996இல் இசைவளித்தது. மரபுரிமைகளுக்கு என்ன காப்பு? அவற்றை அந் நிறுவனமே பார்த்துக்கொள்ளும் என்றது ஆணையம்! ஆட்டுப்பட்டிக்கு ஓநாயைக் காவல் வைத்தது போன்ற ஏற்பாடன்றோ இது?

மண்ணின் மக்கள் வாளாவிருக்கவில்லை. மூன்று அமைப்புகள் ஒன்றுகூடி, 'நிலத்தின் உப்பு' என்னும் பொருள்படத் தம் மொழியிலேயே பெயர் சூட்டிக்கொண்டு வழக்காடின. 2000ஆம் ஆண்டில் அவாய் உச்ச முறைமன்றம் ஆணையத்தின் முடிவைத் தள்ளி, மீண்டும் ஆராயுமாறு பணித்தது. இனி ஆணையம் மூன்றனை ஆய்ந்து எழுதியாகவேண்டும். அவ்விடத்தில் எவ்வெப் பண்பாட்டு, வரலாற்று, இயற்கை வளங்கள் உள்ளன, எவ்வுரிமைகள் வழங்கி வருகின்றன என்பது ஒன்று. திட்டத்தால் அவற்றுக்கு நேரும் கேடு எத்துணை என்பது மற்றொன்று. அவ்வுரிமைகளைக் காக்கச் செய்யக்கூடுவது யாது என்பது மூன்றாவது. இக் கடமையை நிலத்தை மாற்றக் கேட்பவரிடம் ஒப்படைக்கக் கூடாது என்பதே அத் தீர்ப்பின் உயிர்நாடி.

இதனால் வளர்ச்சி தடைப்படும், உடைமையாளர் உரிமை கெடும் என்று புலம்புவார் உளர். எவருடைய வளர்ச்சி? உப்பெடுத்தவன் வெளியேற, கோடியுடையான் குடியேறுவது வளர்ச்சியாயின், அச் சொல்லுக்கே வேறு பொருள் எழுதவேண்டும். மேலும், பிறரை முற்றும் விலக்கும் மேலைநாட்டு உடைமைக் கோட்பாடு அவாய் மண்ணுக்கு அப்படியே பொருந்தாது என்று 1995ஆம் ஆண்டிலேயே அதே முறைமன்றம் தெளிவுறுத்திவிட்டது. மூன்று வினாக்களும் எதனையும் கட்டாதே என்று தடுக்கவில்லை. அழித்தபின் வருந்தாதே, அளிக்குமுன் எண்ணிப்பார் என்றே சொல்கின்றன. அதற்கும் அஞ்சுவோர், எண்ணிப் பார்த்தால் தம் திட்டம் நிலைக்காது என்பதைத் தாமே ஒப்புக்கொள்கின்றனர்.

எனினும் வென்றுவிட்டோம் என்று அம் மக்கள் ஓய்ந்திருக்க இயலாது. அரசியற் சட்டம் அவ்வுரிமைகளை முறைப்படுத்தும் ஆற்றலையும் அரசுக்கே தந்துள்ளது. 'செய்யக்கூடுவது' என்னும் சொல்லை எத்துணைச் சிறிதாக்கினும் சிறிதாகும். ஓரிடத்தின் பெயருக்குப் பொருளறியாதவர், அவ்விடத்தின் வழக்கத்தை எங்ஙனம் எடைபோடுவர்? கரையை அறிந்தவர் அங்கு உப்பெடுத்த முதியோரே. அவர் மொழியிற் கேட்டு, அவர் சொல்லை ஏட்டிலேற்றிய பின்னரே ஆணையம் எழுதுகோலைத் தொடவேண்டும். அதுவரை அம் மக்கள் கரையையும் விடற்க, மொழியையும் விடற்க!