ஐ.சி.யு.வில் வைட்டமின் டி: மருந்து நோயாளிக்கா, நம்பருக்கா?

குன்னூர்க்காரர்களுக்கு வைட்டமின் பாடம் புதுசில்லை. 1918-ல் மெக்கரிசன் பெரிபெரி ஆராய்ச்சியை ஆரம்பித்தது இங்கே, பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டின் ஒரே ஒரு அறையில்தான். (அது 1958-ல் ஹைதராபாத்துக்கு மூட்டை கட்டியது. நமக்கு மிஞ்சியது பெருமை மட்டும்!)

சத்து குறைந்தால் நோய் வரும், சரி. அதற்காக ஐ.சி.யு.வில் கிடப்பவருக்கு டி குறைவு, ஊற்றினால் எழுந்துவிடுவார் என்பது என்ன கணக்கு? கடும் நோயே அந்த அளவை இறக்கிவிடும். ஏற்றுகிற சலைனில் ரத்தம் நீர்த்துப்போகும், டி-யைச் சுமக்கும் புரதமும் சரியும்.

2019-ல் வெளியான அமெரிக்காவின் 'வயலட்' ஆய்வைப் பாருங்கள். டி குறைந்திருந்த 1,078 பேர். பாதிப் பேருக்கு ஒரே வேளையில் 5,40,000 யூனிட். நம்ம மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் 60,000 யூனிட் பாக்கெட்டில் ஒன்பது! மூன்றாம் நாள் ரத்த அளவு சராசரி 46.9, மருந்து பெறாதவர்களுக்கு 11.4. ரிப்போர்ட் ஜோர். ஆனால் 90 நாளில் இறந்தவர்கள்? மருந்து பெற்றவர்களில் 23.5%, பெறாதவர்களில் 20.6%. மருந்து கொன்றது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. காப்பாற்றியது என்று சொல்ல வழியே இல்லை.

"2014 ஆஸ்திரிய ஆய்வில் பலன் இருந்ததே?" என்பார்கள். 492 பேரில், அளவு படுமோசமாக இருந்த 200 பேரிடம் மட்டும் தெரிந்த பலன் அது. மொத்தக் கணக்கில் ஒன்றுமில்லை.

ஆடி மாத மூட்டத்தில், ஸ்வெட்டருக்குள் முடங்கிக் கிடக்கும் ஊட்டிப் பாட்டியின் எலும்புக்கு டாக்டர் டி எழுதினால் அது நியாயம். வென்டிலேட்டரில் இருப்பவரின் பில்லில் அதே டி ஏறினால், எதற்கு என்று வீட்டுக்காரர்கள் கேட்டே ஆகவேண்டும்.