தொண்ணூறு ரூபாயும் ஒரு கோல் கீப்பரும்

பி.காம். முடித்த கையோடு நான் சேர்ந்த முதல் ஆபீஸில் ஒரு கேஷியர் இருந்தார். கம்பி வலைக் கூண்டு, விரல் நனைக்க ஸ்பாஞ்ச், பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர். இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். அவரை யாரும் ஒருநாள்கூடப் பாராட்டி நான் பார்த்ததில்லை. பணம் சரியாக இருந்ததற்கெல்லாம் கை தட்டுவார்களா என்ன?

ஒரு சாயங்காலம் கேஷில் 90 ரூபாய் குறைந்தது. அவ்வளவுதான், மொத்த ஆபீஸும் கூண்டைச் சுற்றி நின்றுவிட்டது. 'என்ன சார், இப்படிப் பண்ணிட்டீங்களே!' என்று முதலில் கேட்டவன் அடியேன்தான். அவர் பதில் பேசவில்லை. பாக்கெட்டிலிருந்து 90 ரூபாய் எடுத்துக் கல்லாவில் வைத்துவிட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

இந்தக் கதைக்கு மிச்சம் இருக்கிறது. கடைசியில் வருகிறேன். அதற்குள் இங்கிலாந்து வரை ஒரு நடை போய்விட்டு வந்துவிடுவோம்.

ஃபுட்பாலில் கோல் கீப்பர் என்பவர் கேஷியர் ஜாதி. ஒன்பது பந்தைப் பிடிப்பார், பேச்சு மூச்சு இருக்காது. பத்தாவது நழுவினால் ஊரே திட்டும். ஃபார்வர்டு ஆட்டக்காரர் பத்து சான்ஸைக் கோட்டைவிட்டு ஒன்றை உள்ளே தள்ளினால் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். ஒருவருக்கு வரவு மட்டும் எழுதுகிற பேரேடு, இன்னொருவருக்குப் பற்று மட்டும் எழுதுகிற பேரேடு!

ஆனால் வயதான ரசிகர்களைக் கேட்டுப் பாருங்கள். மான்செஸ்டர் சிட்டி ரசிகர்கள் நாலு பேர் சேர்ந்து பழைய கதை பேச ஆரம்பித்தால், எப்படியும் பேச்சு கோல் கீப்பர்களில் வந்து நிற்கும். 'நம்ம கிளப்பில் யார் பெஸ்ட்?' என்று ஒருத்தர் ஆரம்பிக்க வேண்டியதுதான். டீ ஆறிப்போகும். (அங்கே பீர். அது ஆறினாலும் பரவாயில்லை போலிருக்கிறது.)

தாத்தாக்கள் ஓட்டு ஃப்ராங்க் ஸ்விஃப்டுக்கு. பிளாக்பூல்காரர். கையை விரித்தால் கிட்டத்தட்ட ஒரு அடி. 1934 எஃப்.ஏ. கப் ஃபைனலில் ஆடியபோது வயது இருபதுதான். எதிரே போர்ட்ஸ்மவுத். மழை. கிளவுஸ் போடலாமா, வேண்டாமா? எதிர் டீம் கோலி போடவில்லை என்று பார்த்துவிட்டு இவரும் போடவில்லை. பக்கத்து சீட்டைப் பார்த்துப் பரீட்சை எழுதியவனுக்கு என்ன ஆகுமோ அது ஆயிற்று. பந்து கையில் பட்டு உள்ளே போனது. ஒரு கோல் பாக்கி.

இடைவேளையில் பையன் முகம் தொங்கிப்போய் உட்கார்ந்திருக்க, ஃப்ரெட் டில்சன் என்ற ஆட்டக்காரர், கவலைப்படாதே, நான் ரெண்டு போடுகிறேன் என்றாராம். போட்டும் விட்டார்! 2-1. கடைசி நிமிஷங்களில் கோலுக்குப் பின்னால் இருந்த போட்டோகிராபர்கள் 'இன்னும் மூணு நிமிஷம், இன்னும் ரெண்டு' என்று எண்ணிச் சொல்லச் சொல்ல, ஸ்விஃப்டுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. விசில் ஊதியதும் வலைக்குள்ளிருந்த தொப்பியை எடுக்கக் குனிந்தவர், மயக்கம் போட்டு விழுந்தார். அப்புறம் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரே பையன் உடம்பு தேவலையா என்று விசாரித்துத் தந்தி அடித்தார்.

1937-ல் சிட்டி லீக் சாம்பியன். அடுத்த வருஷம் அந்த டிவிஷனிலேயே அதிகமாக 80 கோல் போட்டு, கீழ் டிவிஷனுக்கு இறங்கியது. சாம்பியன் கிளப் மறு வருஷமே இறங்கிய இந்தச் சாதனையை இங்கிலாந்தில் வேறு யாரும் செய்ததில்லை. இப்படிப்பட்ட கிளப்பில் கோலியாக இருப்பது எப்படி என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஸ்விஃப்ட் 1949-ல் ரிட்டையர் ஆனார். அந்த இடத்துக்கு வந்த ஆளைப் பார்த்துத்தான் ஊர் கொதித்தது. பெயர் பெர்ட் டிரவுட்மன். ஜெர்மன்காரர். பாராசூட் படையில் ஹிட்லருக்காகச் சண்டை போட்டு, வீரத்துக்கு இரும்புச் சிலுவைப் பதக்கம் வாங்கியவர். 1945-ல் பிரிட்டிஷ்காரர்களிடம் பிடிபட்டு, லங்காஷயரில் போர்க் கைதி முகாமில் இருந்தார். விடுதலை ஆன பிறகும் ஊருக்குப் போகாமல் அங்கேயே தங்கிவிட்டார்.

யுத்தம் முடிந்து நாலே வருஷம். குண்டு விழுந்த வீடுகள்கூட முழுக்கக் கட்டி முடிக்கப்படவில்லை. மான்செஸ்டரில் யூதர்களும் நிறையப் பேர். இருபதாயிரம் பேர் ஊர்வலம் போனார்கள். சீசன் டிக்கெட்டை ரத்து செய்வோம் என்று கடிதங்கள் குவிந்தன. கிழிந்த காயத்தில் உப்பு வைத்த மாதிரி இருந்திருக்கும். அவர்களைக் குறை சொல்ல நமக்கு யோக்கியதை இல்லை.

அப்போது இரண்டு பேர் குறுக்கே வந்தார்கள். ஒருவர் கேப்டன் எரிக் வெஸ்ட்வுட். நார்மண்டிக் கடற்கரையில் இறங்கி அதே ஜெர்மன்காரர்களோடு சண்டை போட்டவர். இந்த டிரஸ்ஸிங் ரூமில் யுத்தம் கிடையாது என்று சொல்லி டிரவுட்மனை வரவேற்றார். இன்னொருவர் அலெக்சாண்டர் ஆல்ட்மன், மான்செஸ்டர் யூதர்களின் மதகுரு. ஜெர்மனியிலிருந்து தப்பி வந்தவர். பெற்றோரை நாஜிகளிடம் பறிகொடுத்தவர். ஒரு தனி மனிதன் தலையில் ஒரு தேசத்தின் பாவத்தைக் கட்டாதீர்கள் என்ற அர்த்தத்தில் பேப்பருக்குக் கடிதம் எழுதினார்.

அந்தக் கடிதத்தை எழுத அவர் எத்தனை நாள் தூங்காமல் இருந்திருப்பார்? எனக்கு 90 ரூபாய்க்கே மனசு ஆறவில்லை.

1950 ஜனவரியில் லண்டனில் ஃபுல்ஹாம் டீமுடன் மேட்ச். கூட்டம் முழு ஆட்டமும் வசை பாடியது. சிட்டி பெரிதாகத் தோற்கும் என்று எல்லோரும் எதிர்பார்க்க, டிரவுட்மன் பிடித்த பிடியில் 1-0-வோடு தப்பித்தது. ஆட்டம் முடிந்து அவர் வெளியே வரும்போது இரண்டு டீம் ஆட்டக்காரர்களும் இரு வரிசையாக நின்று கை தட்டினார்கள். தோற்ற டீமின் கோலிக்கு!

அப்புறம் 1956 மே 5. வெம்ப்ளி. எஃப்.ஏ. கப் ஃபைனல், எதிரே பர்மிங்ஹாம் சிட்டி. 3-1 முன்னிலை. பதினேழு நிமிஷம் பாக்கி இருக்கும்போது பீட்டர் மர்ஃபி என்பவரின் காலில் பாய்ந்து பந்தைப் பிடித்தார். முழங்கால் கழுத்தில் மோதியது. சப்ஸ்டிட்யூட் என்ற வழக்கமே இல்லாத காலம். எழுந்தார், தள்ளாடினார், மறுபடி பாய்ந்து பிடித்தார். கோப்பை வாங்கப் போகும்போது, கழுத்து ஏன் கோணலாக இருக்கிறது என்று இளவரசர் ஃபிலிப்பே கேட்டார். நாலு நாள் கழித்து எக்ஸ்-ரே எடுத்தபோதுதான் தெரிந்தது: ஐந்து எலும்பு இடம் மாறி, இரண்டாவது எலும்பு இரண்டாகப் பிளந்திருந்தது. மூன்றாவது எலும்பு நகர்ந்து வந்து முட்டுக்கொடுத்ததால் உயிர் தப்பினார்.

சினிமாவாக இருந்தால் இங்கே 'வணக்கம்' போடுவார்கள். வாழ்க்கை போடவில்லை. சில வாரங்களில் அவருடைய ஐந்து வயது மகன் கார் மோதி இறந்தான். அவர் கட்டுப்போட்ட கழுத்தோடு அதையும் தாங்கினார், மறுபடி வந்து 1964 வரை ஆடினார். மொத்தம் 545 மேட்ச். 2013-ல், தன் 89-ஆம் வயதில் இறந்தபோது, ஒரு காலத்தில் எதிர்த்து ஊர்வலம் போன ஊரே அழுதது.

ஸ்விஃப்டின் முடிவும் சோகம்தான். ரிட்டையர் ஆகிப் பத்திரிகையில் எழுதிக்கொண்டிருந்தார். 1958 பிப்ரவரி 6-ஆம் தேதி மியூனிக்கில் நொறுங்கிய விமானத்தில், பரம எதிரியான மான்செஸ்டர் யுனைடெட் டீமோடு நிருபராகப் போயிருந்தார். திரும்பவில்லை. வயது 44. அவர் பெயரைச் சொல்லும்போது இரண்டு கிளப் ரசிகர்களும் ஒரு நிமிஷம் சண்டையை நிறுத்திவிடுகிறார்கள்.

அப்பாக்கள் தலைமுறையின் ஓட்டு ஜோ காரிகனுக்கு. ஆறடிக்கு மேல் நாலரை அங்குலம். 1970 மார்ச்சில் வெஸ்ட் ஹாமுடன் சொந்த மைதானத்தில் மேட்ச். பந்தை ஓங்கி உதைத்துவிட்டு, வேலை முடிந்தது என்று திரும்பிக் கோலைப் பார்த்து நடந்தார். உதைத்த பந்து நேராக ரானி பாய்ஸ் காலுக்குப் போய், போன வேகத்தில் தலைக்கு மேல் பறந்து வலையில் விழுந்தது. தான் கோல் வாங்கியதே காரிகனுக்குப் பந்து வலையில் கிடந்ததைப் பார்த்த பிறகுதான் தெரியும். மேட்ச் 5-1 தோல்வி.

இன்னொருத்தர் என்றால் மேனேஜர் கையில் ராஜினாமாக் கடிதம் கொடுத்திருப்பார். நடுவில் காரிகன் இடத்துக்கு வேறு கோலியைப் பெரும் விலை கொடுத்து வாங்கவும் செய்தார்கள். மனுஷன் உடம்பைக் குறைத்தார், உழைத்தார், இடத்தைத் திரும்பப் பிடித்தார். 600 மேட்ச் தாண்டினார். அந்த வருஷத்தின் சிறந்த ஆட்டக்காரர் என்று ரசிகர்களே மூன்று தடவை அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். 1970-ஐ மறந்துவிட்டா? எங்கே மறந்தார்கள்! இன்றும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். வீட்டுப் பெரிய பிள்ளை சின்ன வயதில் குளத்தில் விழுந்த கதையைக் கல்யாணத்தில் சொல்வோமே, அந்த மாதிரி.

அண்ணன்கள் வயதுக்காரர்களுக்கு 1999 மே 30. சிட்டி மூன்றாவது டிவிஷனில் தத்தளித்த வருஷம். ஜில்லிங்ஹாமுடன் பிளே-ஆஃப் ஃபைனல். கடைசி நிமிஷங்களில் 0-2. பாதி ரசிகர்கள் பஸ் பிடிக்கப் போய்விட்டார்கள். ஹார்லக் ஒன்று போட, இஞ்சுரி டைமில் டிக்காவ் இன்னொன்று போட்டார். இதில் வேடிக்கை, எதிர் டீம் கோலி டிக்காவின் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழன்! பெனால்டியில் இருபது வயது நிக்கி வீவர் இரண்டைத் தடுத்துவிட்டுப் பைத்தியம் பிடித்தவர் போல் மைதானம் முழுக்க ஓடினார். மற்றவர்கள் துரத்திப் பிடிக்க வேண்டியதாயிற்று. வீவர் சிறந்த கோலி லிஸ்ட்டில் எத்தனையாவது என்று கேட்டால் சண்டை வரும். முழங்கால் காயம் அவரை வளரவிடவில்லை. ஆனால் அந்த ஓட்டம் லிஸ்ட்டுக்கு வெளியே தனியாக ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கிறது.

தம்பிகள் ஜோ ஹார்ட், எடர்சன் என்பார்கள். ஹார்ட் நாலு தடவை லீக்கின் தங்க கிளவுஸ் வாங்கியவர். 2016-ல் புது கோச் வந்ததும், காலால் பந்து ஆடத் தெரிய வேண்டும் என்று வெளியே அனுப்பப்பட்டார். கம்ப்யூட்டர் வந்தபோது டைப்பிஸ்ட்டுக்கு நடந்ததேதான். 2017-ல் வந்த எடர்சன் காலாலேயே கோலுக்கு வழி செய்தார். ஆனால் 2023 சாம்பியன்ஸ் லீக் ஃபைனலில், 88-வது நிமிஷத்தில் லுகாகு தலையால் முட்டிய பந்தைத் தடுத்துக் கோப்பையைக் காப்பாற்றியது, அதே பழைய கோலி வேலைதான்.

சரி, யார் பெஸ்ட்? பெரும்பாலும் டிரவுட்மன் பெயரில் கூட்டம் கலையும். ஆனால் இவர்கள் கணக்கைப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. மயக்கம் போட்டவர், முதுகைக் காட்டியவர், எதிரி நாட்டுக்காரர். எல்லோர் பேரிலும் ஒரு பற்று இருக்கிறது. அதை அடிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டுதான் பக்கத்தில் வரவை எழுதியிருக்கிறார்கள். நாற்பது, ஐம்பது வருஷம் ஆனாலும் பொறுமையாக.

கேஷியர் கதையை முடித்துவிடுகிறேன். பி.காம். படித்தவர்களுக்குத் தெரியும்: வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால், எங்கோ இலக்கம் இடம் மாறியிருக்கச் சான்ஸ் உண்டு என்று. அதை நான் அன்றைக்கு யோசிக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து ஒரு வவுச்சர் கண்ணில் பட்டது. அவர் கொடுத்தது 210 ரூபாய். கேஷ் புக்கில் எழுதியிருந்தது 120. கையெழுத்து என்னுடையது.

வவுச்சரையும் 90 ரூபாயையும் எடுத்துக்கொண்டு கூண்டுக்குப் போனேன். தொண்டை அடைத்தது. கம்பி வழியாக வாங்கிப் பார்த்தார். பணத்தை ஸ்பாஞ்சில் விரல் தொட்டு எண்ணினார் - எண்ணாமல் எதையும் வாங்க மாட்டார்!

'தெரியும் தம்பி. அன்னிக்கு ராத்திரியே கண்டுபிடிச்சுட்டேன்.'

'அப்ப ஏன் சார் சொல்லலை?'

'வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மாசம்கூட ஆகலை. நீங்களே பார்த்து வருவீங்கன்னு இருந்தேன். போங்க, அடுத்த வவுச்சரைப் பாருங்க.'

அவர் ரிட்டையர் ஆன அன்று சால்வை போட்டார்கள், கடிகாரம் கொடுத்தார்கள். எல்லோரும் இரண்டு வார்த்தை பேசினார்கள். நேர்மையானவர், பங்க்சுவல் என்றார்கள். என் முறை வந்தது. எழுந்து, 210, 120 என்று ஆரம்பித்து, அத்தனை பேர் முன்னால் முழுக் கதையையும் சொன்னேன்.

அவர் சர்வீஸில் முதல் தடவையாக ஆபீஸ் கை தட்டியது.