மின்மினியின் ஒளியும் கடையின் பரிந்துரையும்

மஞ்சளிலிருந்து பிரித்தெடுத்த குர்குமின் மாத்திரையைச் சிகிச்சையோடு சேர்த்து உட்கொள்ளலாமா? புற்றுநோய் வந்த வீடுகளில் இக்கேள்வி எழாத வீடு அரிது. மயிலாப்பூரின் நாட்டு மருந்துக் கடைகளிலும், தியாகராய நகரின் பெரிய அங்காடிகளிலும், கைப்பேசியில் பொருள் விற்கும் தளங்களிலும் இம்மாத்திரைகள் தாராளமாகக் கிடைக்கின்றன. “ஆய்வகத்தில் புற்றுநோய்ச் செல்களை அழித்திருக்கிறது” என்ற வாக்கியமும் கூடவே வருகிறது. அந்த வாக்கியம் முழுப் பொய்யன்று. ஆயினும், அதை நம்பிச் செலவு செய்வதற்கு முன் அதன் பொருள் என்ன என்பதை நோயாளிகளும் அவர்களைப் பேணுவோரும் அறிந்துகொள்ள வேண்டும் என்று கருதுகிறோம்.

ஆய்வகத்தில் ஒரு செல் இறந்துவிட்டதை எப்படி அறிகிறார்கள்? பல சோதனைகளில் அதற்குத் துணை நிற்பது ஒளியே. மின்மினிப் பூச்சியின் உடலில் லூசிஃபரேஸ் என்னும் நொதி இருக்கிறது. அது ஒளிவிட, உயிருள்ள செல்களில் காணப்படும் ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறு தேவை. கண்ணாடித் தட்டில் வளர்த்த புற்றுநோய்ச் செல்களின் மீது ஒரு பொருளை இட்டு, பிறகு இந்த நொதியையும் அதற்குரிய வேதிப்பொருளையும் சேர்க்கிறார்கள். ஒளி மிகுந்தால் செல்கள் உயிரோடு உள்ளன; மங்கினால் பல மடிந்துவிட்டன என்று கொள்கிறார்கள். வேறு சில சோதனைகளில், ஒளிரும் சாயங்களைச் செல்லுக்குள் செலுத்தி நுண்ணோக்கியில் காண்கிறார்கள். இவை அரிய கருவிகள். ஆயிரக்கணக்கான பொருள்களை விரைவாகச் சலித்து, மேலும் ஆராயத் தக்கவை எவை என்று காட்டுவதே இவற்றின் வேலை.

ஆனால் ஒளியும் சில வேளைகளில் ஏமாற்றும். சில பொருள்கள் செல்லை ஒன்றும் செய்யாமல், ஒளிதரும் நொதியை மட்டும் முடக்கிவிடும். அப்போதும் ஒளி மங்கும். குர்குமினோ தானே ஒளிரும் இயல்புடையது. சாராயத்தில் கரைத்த மஞ்சளைப் புற ஊதா விளக்கின் கீழ் வைத்தால் பச்சை கலந்த மஞ்சள் நிறத்தில் மின்னும். அந்த மினுக்கம் ஒளியை அளக்கும் சோதனைகளின் கணக்கைக் குழப்பக்கூடும். குர்குமினைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2017ஆம் ஆண்டு ஒரு வேதியியல் இதழில் வெளிவந்த விரிவான கட்டுரை இதையே எச்சரித்தது. அப்பொருள் எளிதில் சிதைகிறது என்றும், வாய்வழி உண்டால் மிகச் சிறிதளவே இரத்தத்தில் சேர்கிறது என்றும் அது சுட்டியது. உண்மை மாத்திரை எது, போலி மாத்திரை எது என்று மருத்துவரும் நோயாளியும் அறியாத வகையில் நடத்திய ஒப்பீட்டு ஆய்வுகளுள் ஒன்றுகூட அதுவரை வெற்றி பெறவில்லை என்றும் அக்கட்டுரை பதிவு செய்தது.

பயன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே என்று சிலர் எண்ணலாம். அதுவும் உறுதியன்று. 2002ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில், மார்பகப் புற்றுநோய்ச் செல்களைச் சில கீமோதெரபி மருந்துகள் அழிப்பதைக் குர்குமின் தடுத்தது. எலிகளுக்கு உணவில் கொடுத்தபோதும் சைக்ளோபாஸ்பமைடு என்னும் மருந்தின் பயன் குறைந்தது. இதுவும் ஆய்வக முடிவுதான். மனிதரிடம் அப்படியே நிகழும் என்று நாங்கள் கூறவில்லை. ஆனால் “அழிக்கிறது” என்ற ஆய்வை ஏற்பவர், “தடுக்கிறது” என்ற ஆய்வை ஒதுக்குவது முறையாகாது. மேலும், மருந்துகளாலும் துணை உணவுகளாலும் கல்லீரல் கெடுவதைக் கண்காணிக்கும் அமெரிக்க ஆய்வுக் குழு, மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்ட 10 பேரைப் பற்றி 2022ஆம் ஆண்டு அறிவித்தது. அவர்களுள் 5 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர், ஒருவர் உயிரிழந்தார். உடலில் நன்கு சேர வேண்டும் என்பதற்காக மிளகின் பைப்பரினையும் இத்தகைய மாத்திரைகள் சிலவற்றில் கலக்கிறார்கள். கீமோதெரபி மருந்துகளில் பலவற்றைச் சிதைத்து வெளியேற்றுவது கல்லீரல். அது சோர்ந்தால் சிகிச்சையையே தள்ளிப்போட நேரிடும்.

குழம்பிலும் இரசத்திலும் இடும் மஞ்சளைப் பற்றி நாங்கள் பேசவில்லை. அதை நிறுத்த வேண்டியதில்லை. செறிவூட்டிய மாத்திரை வேறு, சமையல் மஞ்சள் வேறு.

இனி, பரிந்துரையைப் பற்றி. கடைக்காரர் நல்லெண்ணத்தோடே சொல்லலாம்; ஆனால் நோயாளியின் இரத்தப் பரிசோதனை முடிவு அவர் முன் இல்லை. விற்பனைத் தளமோ, “இதை வாங்கியவர்கள் இவற்றையும் வாங்கினார்கள்” என்று அடுத்தடுத்துக் காட்டுகிறது. அந்தக் கணக்கு எத்தனை பேர் வாங்கினார்கள் என்பதை அறியும். எத்தனை பேர் குணமடைந்தார்கள் என்பதை அறியாது. புற்றுநோயைக் குணமாக்கும் என்று மருந்தை விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திர நிவாரணங்கள் சட்டம் தடை செய்கிறது. துணை உணவுக் குப்பிகளின் மேல், மருத்துவப் பயன்பாட்டுக்கு உரியதன்று என்று அச்சிட வேண்டும் என்பதும் விதி. வாங்குமுன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

மூலிகை என்பதாலேயே நாங்கள் மறுப்பதாக எண்ண வேண்டாம். நம் வீட்டு வாசல்களில் பூக்கும் நித்தியகல்யாணி சர்க்கரை நோய்க்கு நல்லது என்று பல நாடுகளில் நம்பப்பட்டது. 1950களில் கனடாவில் அதைச் சோதித்தவர்கள், அது வெள்ளணுக்களைக் குறைப்பதைக் கண்டார்கள். அச்செடியிலிருந்து பிரித்த வின்கிரிஸ்டின் 1963ஆம் ஆண்டு அமெரிக்காவில் மருந்தாக ஏற்கப்பட்டது. 1980களில் அடையாறு புற்றுநோய் நிறுவனமும் மும்பை, தில்லி மையங்களும் குழந்தைகளின் கடும் இரத்தப் புற்றுநோய்க்கு ஒரே சிகிச்சை முறையைக் கையாண்டன. அதில் வின்கிரிஸ்டினும் ஒன்று. அதற்கு முன் ஐந்தில் ஒரு குழந்தைக்கும் குறைவாகவே நீடித்த பயன் கிட்டிய நிலை மாறி, நான்கு ஆண்டுகள் நோயின்றி வாழ்ந்தோர் 40 விழுக்காட்டைத் தாண்டினர். அளவு அறிந்து, தீங்கு அறிந்து, மனிதரிடம் சோதித்து, பலனை எண்ணிப் பதிந்த பிறகே அச்செடி மருந்தாயிற்று. அதே செடியின் இலையை வீட்டில் அரைத்துக் குடித்தால் அது நஞ்சு.

ஆகவே எங்கள் கருத்து இதுவே: ஒளிரும் தட்டில் கிடைத்த முடிவு, ஆய்வாளருக்கு ஒரு தொடக்கம்; நோயாளிக்கு அது மருந்துச் சீட்டு அன்று.

பேணுவோருக்கு ஒரு சொல். வாங்கித் தராமல் விட்டால் செய்ய வேண்டியதைச் செய்யாது போனோமோ என்ற கலக்கம் உங்களை வாட்டும். அக்கலக்கம் அன்பின் விளைவு. அதை நாங்கள் மதிக்கிறோம். அந்தப் பணம் நல்ல உணவுக்கும், மருத்துவமனைக்கு வந்துபோகும் செலவுக்கும் பயன்பட்டால் நோயாளிக்கு உண்மையான நன்மை உண்டு. ஏற்கெனவே வாங்கியிருந்தால் மறைக்க வேண்டாம். குப்பியையே அடுத்த முறை புறநோயாளிப் பிரிவுக்கு எடுத்து வாருங்கள். எத்தனை நாளாக, எவ்வளவு உட்கொண்டார் என்பதையும் குறித்து வாருங்கள். கண் மஞ்சளித்தாலும் சிறுநீர் அடர்நிறமானாலும் முறைநாள் வரை காத்திராமல் உடனே வாருங்கள். கடிந்துகொள்ள மாட்டோம், சேர்ந்து பார்த்து முடிவு செய்வோம்.