ஃபாயில் பேப்பர்: பளபளப்பு உள்ளேயா, வெளியேயா?

இராஜாக்கமங்கலத்தில் ஆச்சி வீட்டிலிருந்து கிளம்பினால் கையில் ஒரு பொட்டலம் ஏறாமல் பஸ் ஏற முடியாது. போன முறை புளி விட்டு வற்றவைத்த சாளை. அதை அலுமினிய ஃபாயிலில் சுற்றும்போதுதான் சண்டை.

"பளபளப்பு உள்ள வரணும், அப்பத்தான் சூடு நிக்கும்" என்றார் சித்தி. "அது ஏதோ மருந்து பூசுனது மக்ளே, மங்கல் பக்கம்தான் உள்ள" என்றார் ஆச்சி.

இரண்டுமே இல்லை. பளபளப்புக்காக எதையும் பூசுவதில்லை. ஃபாயிலை உருளைகளுக்கு நடுவே விட்டு நசுக்கி நசுக்கித்தான் மெலிதாக்குகிறார்கள். வீட்டு ஃபாயிலின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் சுமார் நூறில் ஒரு பங்கு. அவ்வளவு மெல்லிய தகட்டைத் தனியாக விட்டால் கிழிந்துவிடும் என்பதால், கடைசிச் சுற்றில் இரண்டு தகடுகளைச் சேர்த்து விடுவார்கள். மெருகேற்றிய உருளையைத் தொட்ட பக்கம் பளபளக்கும். இரண்டு தகடும் ஒன்றையொன்று பார்த்த பக்கம் மங்கிப்போகும்.

ஏன் மங்குகிறது? உலோகம் என்பது நுண்ணிய மணிகளின் கூட்டம். நசுக்கும்போது ஒவ்வொரு மணியும் தன் போக்கில் நெளியும். கெட்டியான உருளை இருந்தால் அழுத்திச் சமன் செய்துவிடும். அது இல்லாத இடத்தில் ஒன்று மேடாகும், ஒன்று பள்ளமாகும். மணிகள் பெரிதாக இருந்தால் கண்ணுக்கே தெரியும். தகட்டை இழுத்துப் பாத்திரம் செய்யும்போது வரும் இந்தச் சொரசொரப்புக்கு 'ஆரஞ்சுத் தோல்' என்றே பெயர். மெத்தென்ற அலுமினியக் கம்பி கிடைத்தால் வளைத்துப் பாருங்கள். சில கம்பிகளில் வளைவின் வெளிப்புறம் பளபளப்பு மங்கியிருக்கும்.

ஆக, எந்தப் பக்கம் சுற்றினாலும் சமையலுக்கு வித்தியாசம் இல்லை. ஒட்டாத பூச்சுள்ள ஃபாயில் மட்டும் விதிவிலக்கு. எந்தப் பக்கம் என்று அதிலேயே போட்டிருப்பார்கள்.

அவர்கள் சண்டை போட்டிருக்க வேண்டியது புளிக்காக! புளிப்பும் உப்பும் அலுமினியத்தை அரிக்கும். பல மணி நேரம் சுற்றி வைத்தால் ஃபாயிலில் ஊசித்துளைகள் விழும். கொஞ்சம் அலுமினியம் சாப்பாட்டில் இறங்கும். ஒருநாள் சாப்பிட்டால் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் உடல் எடையில் கிலோவுக்கு வாரம் 2 மில்லிகிராம் அலுமினியம்தான் தாங்கத்தக்க அளவு என்று உணவு சேர்க்கைகளுக்கான சர்வதேச நிபுணர் குழு 2011-ல் வரையறுத்திருக்கிறது. தினமும் பிள்ளைகளின் டப்பாவில் புளிச்சோற்றையும் ஊறுகாயையும் ஃபாயிலில் மடிப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

ஆச்சியிடம் போனில் சொன்னேன். "அதுக்குத்தானே பின்னால வாழை நிக்குது" என்றார். அடுத்த பொட்டலத்தில் சாளை வாட்டிய இலைக்குள் இருந்தது. ஃபாயில் வெளியே, மங்கல் பக்கம் உள்ளே.