ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு முயலா, மீனா? கடைக்குப் போகும் முன்...

“ஒரு முயல் வாங்கிக் குடுங்க, புள்ள தானா பேச ஆரம்பிச்சிடும்!” ஆட்டிசம் உள்ள குழந்தை இருக்கும் வீட்டுக்கு வரும் உறவினர்கள் இப்படிச் சொல்வதுண்டு. நல்ல மனசோடு சொல்வதுதான். ஆனால் முயலுக்குத் தூக்கினாலே பிடிக்காது. திமிறி உதைக்கும்போது அதன் முதுகெலும்பே முறியலாம். எதையும் இறுக்கிப் பிடிக்கிற பிள்ளையிடம் அதைக் கொடுப்பது இருவருக்குமே ஆபத்து.

அந்த யோசனை முழுக்கப் பொய்யும் அல்ல. ஆஸ்திரேலியப் பள்ளிகளில் மார்கரீட் ஓஹேர் குழுவினர் நடத்தி 2013-ல் வெளியிட்ட ஆய்வில், ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பொம்மைகளோடு இருந்ததைவிட கினிப் பன்றிகளோடு இருந்தபோது அதிகம் பேசினார்கள், சிரித்தார்கள். ஆனால் அது வகுப்பறையில் சில நிமிடங்கள் மட்டும். வீட்டில் வளர்ப்பது வேறு கதை.

சேத்தியாத்தோப்பு வெயிலையும் கணக்கில் எடுக்கணும். 30 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே கினிப் பன்றி தவிக்கும். மே மாதம் தகரக் கூரைக்குக் கீழே தாங்காது. வைட்டமின் சி அதன் உடலில் சுரக்காது என்பதால் கொய்யா, குடைமிளகாய் என்று தினமும் கொடுக்க வேண்டும். இந்த வேலையெல்லாம் யார் தலையில் விழும்? பெரும்பாலும் அம்மா தலையில்தான்.

ஆகவே தேடலைப் பிராணியிடமிருந்து அல்ல, பிள்ளையிடமிருந்து தொடங்குவதே சரி. குக்கர் விசிலுக்கே காதைப் பொத்திக்கொள்கிற பிள்ளைக்கு, நாள் முழுக்கக் கத்தும் லவ் பேர்ட்ஸ் தண்டனை. தொடப் பிடிக்காத, ஆனால் அசைவதையே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு ஒற்றை ஃபைட்டர் மீன் பொருந்தலாம். அதற்கு இரைச்சல் போடும் காற்று மோட்டார் வேண்டாம். கரண்ட் போனாலும் கவலையில்லை. பச்சைக்கிளி மட்டும் வேண்டவே வேண்டாம், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வளர்ப்பது குற்றம்.

திருவிழாவில் விற்கும் கலர் கோழிக்குஞ்சும் கூடாது. பல குஞ்சுகள் சில நாளிலேயே செத்துவிடும். நேற்று இருந்த இடத்தில் இன்றும் எல்லாம் இருக்க வேண்டும் என்று நினைக்கிற பிள்ளைக்கு அந்தக் காலி அட்டைப்பெட்டியை எப்படி விளக்குவது? வெள்ளெலிக்கும் ஆயுள் இரண்டு, மூன்று வருஷம்தான்.

பக்கத்து வீட்டில் ஆட்டுக்குட்டியோ நாட்டுக்கோழியோ இருந்தால், பத்து நாள் பிள்ளையைக் கூட்டிப்போய்ப் பக்கத்திலேயே இருந்து பார்க்கலாம். பதினோராம் நாள் பிள்ளையே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றால், கூண்டு வாங்குவதைப் பற்றி அப்புறம் பேசலாம்.